பள்ளிக்கூட வாசலில் நின்றுபோன பல்பொடி



"பி.காம் படிக்கிறவனுக்குப் பல்லோட என்னடா வேலை?" என்று வகுப்பில் கண்டிப்பாக ஒருத்தன் கேட்பான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பல் மருத்துவக் கட்டுரை இல்லை. அரசாங்கம் யாருடைய பல்லைப் பார்த்தது, யாருடைய பல்லைப் பார்க்காமல் விட்டது என்கிற வரலாறு. கொஞ்சம் கணக்கும் வரும், பயப்படாதீர்கள்.

பொங்கல் லீவுக்கு பாலசமுத்திரம் போயிருந்தேன். தெரியாதவர்களுக்கு: பழனிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். பாலாறு பொருந்தலாறு அணை எங்களுக்குப் பக்கம்தான். அங்கே பெரியம்மா வீட்டில் தங்கினேன். பெரியம்மா மகள், எனக்கு அக்கா, தோட்ட வேலைக்குப் போகிறவர். அவருக்கு மூன்றரை வயதில் ஒரு பையன்.

இரவு பதினோரு மணிக்கு அந்தப் பையன் எழுந்து அழ ஆரம்பித்தான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. வாயைத் திறக்கச் சொல்லி செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கரைந்துபோய் கறுப்புக் குச்சி மாதிரி நின்றன. கடைவாயில் ஒரு பல்லைச் சுற்றி ஈறு வீங்கியிருந்தது.

"பால் பல்லுதானப்பா, விழுந்து மொளைக்கும். இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி?" என்றார் பெரியம்மா.

அக்கா ஒன்றும் சொல்லாமல் கிராம்பை இடித்துக்கொண்டிருந்தார். பாதியைப் பையனுக்கு வைத்தார். மீதியைத் தன் கடைவாயில் வைத்துக்கொண்டார். "உனக்கும் வலிக்குதாக்கா?" என்று கேட்டேன்.

"இவன் வயித்துல இருந்தப்ப, ஏழாம் மாசத்துல ஆரம்பிச்சது தம்பி. அப்பப் போய்க் காட்டுனேன். பிள்ளை பொறந்தப்பறம் வாம்மான்னு அனுப்பிட்டாங்க."

"அப்பறம் போனியா?"

"கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போறது?"

மறுநாள் அப்பாவிடம் போனில் இதைச் சொன்னபோது அவர் சொன்ன ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "எங்க காலத்துல எம்.ஜி.ஆர். பள்ளிக்கூடத்துலயே பல்பொடி குடுத்தாருடா" என்றார். இலவச செருப்பு தெரியும், சீருடை தெரியும், சைக்கிள் தெரியும். பல்பொடியா? அப்படியானால் நாற்பது வருஷத்துக்கு முன்பே பல்லைப் பற்றி யோசித்த ஒரு மாநிலத்தில், இந்த மூன்றரை வயதுப் பையன் எப்படி விட்டுப்போனான்? அவன் அம்மா எப்படி விட்டுப்போனார்?

சாம்பலில் இருந்து டப்பாவுக்கு

பல்பொடிக்கு முன்னால் நம் வீடுகளில் என்ன இருந்தது என்று அப்பத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள். வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, உமிக்கரி, அடுப்புச் சாம்பல், செங்கல் தூள், உப்பு. ஆலும் வேலும் பற்றிய பழமொழியை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். குச்சி பரவாயில்லை. ஆனால் செங்கல் தூளும் கரியும் பல்லின் மேல்பூச்சைத் தேய்த்தே எடுத்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு பொடி ஒரு சரக்காக மாறியது. நஞ்சன்கூடு பல்பொடி 1913-ல் மைசூர்ப் பக்கம் தொடங்கி தமிழ்நாட்டு மளிகைக் கடைகள் வரை வந்தது. கோபால் பல்பொடி நம் அப்பா அம்மாக்களின் காலத்தில் வானொலி விளம்பரத்தாலேயே வீட்டுப் பெயரானது. கோல்கேட் கம்பெனி இந்தியாவுக்கு வந்தது 1937-ல்.

காமர்ஸ் நண்பர்களுக்கு ஒரு சுவையான செய்தி. பல்பொடி மருந்தா, அழகுச் சாமானா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது. வைத்தியநாத் நிறுவனத்தின் சிவப்புப் பல்பொடி ஆயுர்வேத மருந்து என்றால் வரி குறைவு. நீதிமன்றம் 1995-ல் என்ன சொன்னது தெரியுமா? கடைக்குப் போய் வாங்குகிற சாதாரண மனிதர் அதை மருந்தாக நினைக்கிறாரா, தினசரி பல் தேய்க்கிற பொருளாக நினைக்கிறாரா என்பதுதான் கேள்வி, அவர் அதைப் பல்பொடியாகத்தான் நினைக்கிறார் என்றது. வரிச் சட்டத்தைப் பொறுத்தவரை அது சரியான தீர்ப்பாக இருக்கலாம். ஆனால் நம் நாட்டில் பல் மருத்துவத்தின் பிரச்சனை முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது. பல் என்றால் சோப்பு, பவுடர் வகை. உடம்பு வேறு, பல் வேறு!

எங்கள் மாவட்டத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. திண்டுக்கல் என்றால் பூட்டும் பிரியாணியும் மட்டுமல்ல, புகையிலையும்தான். பல்வலி வந்தால் ஒரு துண்டு புகையிலையை அடக்கிக்கொள்வது எங்கள் பக்கத்துக் கைவைத்தியம். வலி மரத்த மாதிரி இருக்கும், பழக்கம் மட்டும் நிலைத்துவிடும். நாட்டின் பல இடங்களில் பல்பொடியிலேயே புகையிலை கலந்து விற்றார்கள். பற்பசையிலும் பல்பொடியிலும் புகையிலை கூடாது என்று மத்திய அரசு 1992-ல்தான் தடை போட்டது.

3 லட்சம் பேருக்கு ஒரு டாக்டர்

மருத்துவர்கள் பக்கம் வருவோம். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ரஃபியுத்தீன் அகமது கல்கத்தாவில் 1920-ல் தொடங்கினார். நம் ஊருக்கு அது வர இன்னும் முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. 1953-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது. அதுதான் இன்றைய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி. அடுத்து புதிதாக ஓர் அரசு பல் மருத்துவக் கல்லூரி புதுக்கோட்டையில் திறக்கப்பட்டது 2023-ல். நடுவில் எத்தனை வருஷம் என்று கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். (சிதம்பரத்தில் 1980-ல் தொடங்கிய கல்லூரி பல்கலைக்கழகத்துடையது, அரசு வசம் வந்தது பிற்பாடுதான்.) இடையில் முளைத்தவை பெரும்பாலும் தனியார் கல்லூரிகள்.

சுதந்திரத்துக்கு முந்தைய நிலைமையை 1946-ல் வந்த போர் குழு அறிக்கை சொல்கிறது. (சண்டை இல்லைங்க, சர் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழு.) அன்றைய இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு டாக்டர். பல் மருத்துவர்? 3 லட்சம் பேருக்கு ஒருவர். அதாவது ஒரு மாவட்டத்துக்கே விரல்விட்டு எண்ணும்படிதான். அவர்களும் பெரிய நகரத்தில் இருந்திருப்பார்கள். பாலசமுத்திரத்தில் ஒரு கர்ப்பிணிக்குப் பல் வலித்தால் கிராம்பு, புகையிலை, இல்லை சந்தையில் பல் பிடுங்குபவர். அவ்வளவுதான்.

டாக்டர் இல்லாத ஊரில் அரசாங்கம் என்ன செய்ய முடியும்? நோய் வராமல் தடுக்கலாம். அங்கேதான் பல்பொடி வருகிறது.

சோற்றோடு வந்த பொடி

பள்ளியில் சோறு போடுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். 1920-ல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. 1956-ல் காமராஜர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982 ஜூலை 1-ல் திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் 2 வயது முதல் 9 வயது வரையான குழந்தைகள். பிறகு 1984-ல் 15 வயது வரை.

அந்தச் சோற்றைச் சுற்றி வேறு சில பொருள்களும் வந்தன. சீருடை, செருப்பு, பாடநூல்... அந்த வரிசையில்தான் இலவசப் பல்பொடி. 'ஓட்டுக்காக' என்று கிண்டல் செய்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. எனக்கு அந்தக் கிண்டலில் உடன்பாடு இல்லை. காசு கொடுத்துப் பொடி வாங்குவது ஒரு செலவு என்று நினைத்த வீடுகளில், அரசாங்கமே "இதுவும் தேவைதான்" என்று சொன்னது சின்ன விஷயம் இல்லை. நீதிமன்றக் கணக்கில் பல்பொடி அழகுச் சாமான். பள்ளிக்கூடக் கணக்கில் அது சோற்றுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய பொருள்! எனக்கு இரண்டாவது கணக்குதான் பிடித்திருக்கிறது.

சரி, நடைமுறையில் என்ன நடந்தது? அப்பாவிடமே கேட்டேன். சிரித்தார். "பாதிப் பேரு வகுப்புலயே பிரிச்சுத் தின்னுருவோம்டா. இனிப்பா இருக்கும்ல!" மீதிப் பொடி வீட்டுக்குப் போனதா? போனது என்கிறார். "எங்கம்மா அதைப் பத்திரமா எடுத்து மேல வச்சுரும். பள்ளிக்கூடம் போற எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் குடுக்கும். அது சாம்பல்லதான் வெளக்குச்சு."

இதைக் கேட்டபோது சட்டென்று ஒரு விஷயம் உறைத்தது. அந்தப் பொடி அப்பத்தா கை வழியாகத்தான் போனது. அவர் வாய்க்குப் போகவில்லை. கொடுத்தவர்களும் அவருக்கென்று கொடுக்கவில்லை, அவரும் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வந்தது, பள்ளிக்கூடப் பிள்ளைக்கே.

பல் பள்ளிக்கூடம் வரை காத்திருக்காது

இங்கே கொஞ்சம் அறிவியல். சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

பால் பல் ஆறு மாதம் வாக்கில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும். முளைத்த நாளில் இருந்தே சொத்தை ஆகலாம். 1890-ல் மில்லர் என்கிற அமெரிக்கப் பல் மருத்துவர், ஜெர்மனியில் வேலை பார்த்தவர், வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன, அந்த அமிலம்தான் பல்லை அரிக்கிறது என்று விளக்கினார். 'பல் பூச்சி' என்ற நம்பிக்கை உலகம் முழுக்க இருந்தது. பூச்சி கிடையாது, கண்ணுக்குத் தெரியாத கிருமி. 1924-ல் லண்டனில் கிளார்க் என்பவர் அந்தக் கிருமிகளில் முக்கியமான ஒன்றை அடையாளம் கண்டு பெயர் வைத்தார்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்.

அந்தக் கிருமி குழந்தைக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அதை வளர்க்கிறவர்களின் எச்சில் வழியாக. நம் வீடுகளில் அது அம்மாதான். ஊதிக் கொடுக்கிற கரண்டி, கடித்துக் கொடுக்கிற துண்டு, கொடுக்கிற முத்தம். 1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வாயில் இந்தக் கிருமி அதிகமாக இருந்த அம்மாக்களுக்குச் சொத்தையை அடைத்து, சுத்தம் செய்து, சாப்பாட்டு ஆலோசனை சொன்னார்கள். அந்த அம்மாக்களின் பிள்ளைகளுக்குக் கிருமி ஒட்டுவது தள்ளிப்போனது, சொத்தையும் குறைந்தது. பிள்ளை வாயில் கை வைக்கவே இல்லை. அம்மா பல்லைப் பார்த்தார்கள், பிள்ளை பல் தப்பித்தது!

காலத்தைக் கவனியுங்கள். நம்மூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொடி கொடுத்த அதே 1980-கள். நாம் தவறான கதவைத் தட்டினோம் என்று சொல்லவில்லை. இரண்டாவது கதவைத் தட்டினோம். முதல் கதவு அம்மா.

உடனே "அப்போ எல்லாம் அம்மா தப்பா?" என்று கிளம்பாதீர்கள். முத்தம் கொடுக்கக் கூடாது என்பதல்ல இதன் பொருள். கிருமி மட்டும் போதாது, சர்க்கரையும் அடிக்கடி வாயில் இருக்க வேண்டும். ஒரு நாளில் எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். இதை ஸ்வீடனில் வீப்பெஹோல்ம் என்ற விடுதியில் 1940-களில் நடந்த ஆய்வு காட்டியது. (மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு வேண்டுமென்றே ஒட்டும் மிட்டாய் கொடுத்து நடத்திய ஆய்வு அது. இன்று அப்படிச் செய்ய யாரும் அனுமதிக்க மாட்டார்கள். அந்த அறிவை நாம் கூசிக்கொண்டேதான் பயன்படுத்த வேண்டும்.)

இப்போது அக்காவின் ஒரு நாளைப் பாருங்கள். காலை ஆறரைக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். பையனுக்கு சர்க்கரை போட்ட டீயில் நனைத்த வர்க்கி. வேலைக்குப் போகும் இடத்தில் அழாமல் இருக்க மிட்டாய். மாலை பிஸ்கட். ராத்திரி தூங்க வைக்க சர்க்கரை கலந்த பால் புட்டி, அது வாயிலேயே இருக்கத் தூங்கிவிடுவான். பழனிக்குப் பக்கத்து ஊர், வீட்டில் எப்போதும் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் இருக்கும், அழுதால் விரலில் தொட்டு ஒரு நக்கு. இதில் எதுவும் அக்காவின் அலட்சியம் இல்லை. நேரம் இல்லாத ஒரு பெண், பிள்ளையை அமைதியாக வைத்திருக்கக் கையில் இருக்கும் மலிவான ஒரே வழி இனிப்பு.

தராசு வந்தது, பல் வரவில்லை

தமிழ்நாடு சின்னக் குழந்தைகளை மறந்த மாநிலமா என்றால், இல்லவே இல்லை. 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதல் வட்டாரம் எது தெரியுமா? மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி. அப்போது நாங்களும் மதுரை மாவட்டம்தான். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பரில்.

அந்தத் திட்டம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. காரணம், 6 மாதம் முதல் 36 மாதம் வரையான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் கூடுதல் சத்துணவு கொடுத்தார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் அதில் உண்டு. முதல் மூன்று வருஷம்தான் முக்கியம், தாயும் பிள்ளையும் ஒரே கணக்கு என்பதை நம் அரசு அப்போதே புரிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தப் புரிதல் தராசில் ஏறியது, வாய்க்குள் போகவில்லை. பல் வலிக்கிற குழந்தை சாப்பிடாது, சாப்பிடாத குழந்தை எடை ஏறாது. இரண்டும் ஒரே கதை. இருந்தும் எடைக்கு அட்டை இருந்தது, பல்லுக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

அதன் பிறகும் அப்படித்தான். 1987-ல் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு 300 ரூபாய் கொடுக்கும் திட்டம் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான அந்த உதவி 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாயாக வளர்ந்தது. உண்மையிலேயே பெரிய சாதனை.

2015-ல் அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள்கள் அடங்கிய பரிசுப் பெட்டகம் அறிமுகமானது. துண்டு, சட்டை, மெத்தை, கொசுவலை, எண்ணெய், ஷாம்பு, சோப்பு, சோப்பு டப்பா, கிலுகிலுப்பை, பொம்மை, தாய்க்குக் கை கழுவும் திரவம், தாய்க்குத் தனி சோப்பு, சௌபாக்கிய சுண்டி லேகியம்... நகம் வெட்டி கூட உண்டு. பல் துலக்கும் பிரஷ் இல்லை. தாய்க்கும் இல்லை, பிள்ளைக்கும் இல்லை.

நான் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பட்டியலைப் போட்டவர் நகத்தைக்கூட யோசித்திருக்கிறார். அவ்வளவு அக்கறையோடு யோசித்தவருக்கும் பல் தோன்றவில்லை பாருங்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம். நம் எல்லோர் மனதிலும் பல் அப்படித்தான் இருக்கிறது.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்தில் 1946-ல் தேசிய சுகாதாரச் சட்டம் வந்தது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், பள்ளிக்குப் போகாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோரைக் கவனிப்பது உள்ளாட்சிகளின் கடமை என்றது. அந்தக் கவனிப்பில் பல் பராமரிப்பு முக்கியமாகச் சேரும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். 1952-ல் பல் சிகிச்சைக்குக் கட்டணம் வந்தபோதும் கர்ப்பிணிகளுக்கும், ஒரு வருஷத்துக்குள் பிள்ளை பெற்றவர்களுக்கும் விலக்கு. 'ஒரு பிள்ளைக்கு ஒரு பல் போகும்' என்ற பழமொழி இருந்த நாடு அது. பிள்ளை தாயின் பல்லில் இருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்வதில்லை. கவனிப்பு இல்லாததால்தான் போகிறது என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1948-ல் திட்டம் அமலானதும், தனியாகத் தொழில் செய்த பல் மருத்துவர்களுக்குப் பட்டுவாடா செய்யப்பட்ட தொகை, உள்ளாட்சிச் சம்பளத்தைவிட மிக அதிகமாக இருந்தது. விளைவு? தாய்க்கும் பிள்ளைக்கும் என்று இருந்த உள்ளாட்சிப் பல் மருத்துவர்கள் பலர் வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சட்டத்தில் முதலிடம், நடைமுறையில் கடைசி இடம். காமர்ஸ் மாணவனாக எனக்கு இது நல்ல பாடம். ஆள் எந்தப் பக்கம் போவார் என்பதைச் சட்டத்தின் வரியைவிடச் சம்பளப் பட்டியல்தான் முடிவு செய்கிறது.

நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம் இலங்கை. நியூசிலாந்து 1921-ல் பள்ளிப் பல் நர்ஸ்களை உருவாக்கியது. டாக்டர் பட்டம் வேண்டாம், பயிற்சி பெற்ற பெண்கள் குழந்தைகளின் பல்லை அடைப்பார்கள், தேவைப்பட்டால் எடுப்பார்கள். கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவியோடு இலங்கை அதே முறையை 1950-களில் மகரகமவில் தொடங்கியது. பிறகு 2009-ல் கர்ப்பிணிகளின் பல் பராமரிப்புக்கென்றே வழிகாட்டி வெளியிட்டு, ஊர் மருத்துவிச்சி வழியாக ஒவ்வொரு கர்ப்பிணியையும் பல் பரிசோதனைக்கு அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. பெரிய பணக்கார நாடு இல்லை. அம்மாவை முதல் கதவாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நாற்காலி இருக்கிறது, வழிதான் இல்லை

நம்மிடம் இன்று எதுவுமே இல்லை என்று சொன்னால் பொய். தமிழ்நாட்டில் மேம்படுத்தப்பட்ட பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் பல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் மருத்துவக் குழு வருகிறது, அவர்கள் பார்க்க வேண்டிய நோய்ப் பட்டியலில் பல் சொத்தையும் உண்டு. மத்திய அரசின் தேசிய வாய்நலத் திட்டம் 2014-ல் தொடங்கியது. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. சிகிச்சை இலவசம், பஸ் இலவசம். பிறகு ஏன் அக்கா போகவில்லை?

இங்கேதான் நம் பாடம் உதவுகிறது. விலை பூஜ்யம் என்றால் செலவு பூஜ்யம் இல்லை. ஒரு நாள் கூலி போகும். வரிசையில் நிற்கும்போது கைப்பிள்ளையை யார் வைத்துக்கொள்வது? ஒரு தடவையில் முடியாது, மறுபடி வரச் சொல்வார்கள், இன்னொரு நாள் கூலி. இந்தக் கணக்கை அக்கா ஏட்டில் போடவில்லை, மனதில் போட்டார். கிராம்பு அஞ்சு ரூபாய்.

இன்னொரு தடை பயம். மாசமாக இருக்கும்போது பல்லில் கை வைக்கக் கூடாது என்று வீட்டிலும் சொல்கிறார்கள், சில நேரம் வெள்ளைக் கோட்டு போட்டவர்களும் தட்டிக் கழிக்கிறார்கள். இன்றைய மருத்துவம் சொல்வது வேறு. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கி ரத்தம் வருவது சகஜம், வாந்தியின் அமிலமும் பல்லை அரிக்கும், ஆகவே அப்போதுதான் கவனிப்பு அதிகம் வேண்டும். 4 முதல் 6 மாதம் வரை சிகிச்சைக்கு வசதியான காலம், வலியும் சீழும் இருந்தால் எந்த மாதமும் பார்க்கலாம், பார்க்க வேண்டும்.

கர்ப்பிணி ஒருவர் பரிசோதனை, ஸ்கேன், தடுப்பூசி என்று பிரசவத்துக்குள் எத்தனையோ தடவை சுகாதார நிலையத்துக்கு எப்படியும் போகிறார். கூலியை ஏற்கெனவே இழந்துவிட்ட நாள்கள் அவை. அந்த நாள்களில் ஒன்றில் பக்கத்து அறையில் பல்லையும் பார்த்துவிட்டால் கூடுதல் கூலி இழப்பு கிடையாது. அக்கா ஏழாம் மாதம் போன அன்று அது நடந்திருந்தால், இன்று இரண்டு பேரின் பல் தப்பித்திருக்கும். கர்ப்பிணி அட்டையில் 'பல் பார்த்தாயிற்றா' என்று ஒரு கட்டம், கிராம சுகாதார செவிலியர் கேட்க ஒரு கேள்வி, பிரசவப் பெட்டகத்தில் பெரியது ஒன்று சின்னது ஒன்று என்று இரண்டு பிரஷ், ஒரு பற்பசை. நான் கேட்பது இவ்வளவுதான்.

ஃப்ளோரைடு கலந்த பற்பசையை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. 1995 தீர்ப்பை நினைத்துக்கொண்டேன், அழகுச் சாமான் கடைசியில் மருந்தாகிவிட்டது! மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு, துப்பச் சொல்லிப் பழக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம் என்பதால், அந்த ஊர்களில் குடிநீரையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இந்தியாவில் இந்தப் பிரச்சனை முதலில் பதிவானதே 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பக்கம்தான். வரி விஷயத்திலும் நல்ல செய்தி. 2025 செப்டம்பரில் பல்பொடி, பற்பசை, பிரஷ் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன்பு பற்பசைக்கு 18, பல்பொடிக்கு 12.

கடைசியாக...

பையன் கதையை முடிக்காமல் போனால் திட்டுவீர்கள். லீவு முடிவதற்குள் நானும் அக்காவும் அவனைக் கூட்டிக்கொண்டு போனோம். முன்பற்களைக் காப்பாற்ற முடியவில்லை. சீழ் பிடித்த கடைவாய்ப் பல்லையும் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கடைவாய்ப் பால் பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்க வேண்டியது, சீக்கிரம் போனால் பின்னால் வரும் பல் இடம் மாறி முளைக்கும் என்றார். 'பால் பல்தானே' என்ற பெரியம்மாவின் வாக்கியம் அன்றோடு முடிந்தது. பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்களும் வாயைத் திறங்கம்மா" என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். மூன்றரை வருஷத்தில் அவரை அப்படிக் கேட்ட முதல் ஆள் அந்த அம்மாதான்.

பள்ளிக்கூடத்தில் பல்பொடி கொடுப்பது இப்போது இல்லை. பரவாயில்லை, அதன் வேலையை அது செய்தது. அது நின்ற வாசலில் இருந்து இரண்டடி வெளியே வந்து, இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் அம்மாவிடம் போக வேண்டும். அப்பத்தா மேலே எடுத்து வைத்த பொட்டலத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருந்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இலவசப் பல்பொடி ஞாபகம் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். தின்ற கதையாக இருந்தாலும் சரி :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பல் வலித்தால் இந்தக் கட்டுரையைப் படிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள்.